கொரிந்துவுக்குப் போன கடிதத்தில் பெயர் இல்லை

நீங்கள் கேட்டிருப்பது இது: அம்மா வீட்டார் கத்தோலிக்கர், அப்பா வீட்டார் பெந்தெகொஸ்தே. "பேதுருதான் முதல் போப். அவருக்குப் பின் வந்த ரோம் ஆயர்களுக்கு அன்றிலிருந்தே எல்லாச் சபைகள் மேலும் அதிகாரம் உண்டு" என்கிறார் உங்கள் மாமா. "ஆயர், போப் எல்லாம் கான்ஸ்டன்டைன் ராஜா காலத்தில் நுழைந்தவை, அதற்கு முன் எல்லோரும் சகோதரர்கள்தான்" என்கிறார் சித்தப்பா. இதில் யார் சொல்வது சரி, வரலாற்றை ஆராய்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கிறீர்கள்.

இரண்டு பேருமே முதல் முந்நூறு வருடங்களைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். மாமா பேதுருவிடமிருந்து நேராக இன்றைய வத்திக்கானுக்கு வருகிறார். சித்தப்பா அப்போஸ்தலர் நடபடிகளிலிருந்து நேராக, ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிக்கேயாவில் ஆயர்களைக் கூட்டிய 325-ஆம் வருடத்துக்குப் போகிறார். நடுவில் நடந்ததுதான் உண்மையான கதை. அந்தக் காலத்திலிருந்து நமக்கு வந்து சேர்ந்தவற்றில் சட்டப் புத்தகங்கள் குறைவு, கடிதங்கள் நிறைய. யார் யாருக்கு எழுதுகிறார், எந்தப் பெயரில் எழுதுகிறார், கட்டளையிடுகிறாரா, கெஞ்சுகிறாரா, என்ன பதில் வந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் யார் பேச்சு எவ்வளவு தூரம் எடுபட்டது என்று புரியும். பல வருடங்களாக இந்தக் கடிதங்களோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது அங்கிருக்கும் "கண்காணிகளுக்கும், உதவிக்காரருக்கும்" சேர்த்து வாழ்த்துச் சொல்கிறார். பழைய தமிழ் வேதாகமத்தில் அப்படியே இருக்கும், எடுத்துப் பாருங்கள். கிரேக்கத்தில் அந்தச் சொல் எபிஸ்கோப்போஸ். 'மேலிருந்து பார்க்கிறவர்' என்று பொருள். பிற்காலத்தில் 'பிஷப்' ஆனதும், நாம் ஆயர், பேராயர் என்று சொல்வதும் இதைத்தான். தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் நம் வேதாகமத்துக் கண்காணியும் ஒரே தமிழ்ச் சொல் என்பதை நினைத்தால், அன்றைய கிரேக்கர் காதில் அது எவ்வளவு சாதாரணமாக ஒலித்திருக்கும் என்று விளங்கும். பிலிப்பியில் ஒரு கண்காணி இல்லை, பல கண்காணிகள் இருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தில் எபேசு சபையின் மூப்பர்களைப் பவுல் வரவழைக்கிறார். பேச்சின் நடுவே அதே ஆட்களைக் 'கண்காணிகள்' என்கிறார். ஆக, முதல் தலைமுறையில் மூப்பரும் கண்காணியும் இரண்டு தனிப் படிகள் இல்லை. ஒரு ஊருக்கு ஒரே ஆயர் என்ற ஏற்பாடு பின்னால் வந்தது. எப்போது, எப்படி என்பதுதான் கேள்வி.

இங்கே நான் முதலில் எடுக்கும் கடிதம் ரோமிலிருந்து கொரிந்துவுக்குப் போனது. 'கிளமெந்தின் முதல் கடிதம்' என்று பெயர், 65 அதிகாரங்கள். பொதுவாக 96-ஆம் வருடம் வாக்கில் வைக்கிறார்கள். கொரிந்து சபையில் சிலர் கிளம்பி, தங்கள் மூப்பர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட ரோம் சபை, "இது தவறு, அவர்களைத் திரும்ப மதியுங்கள்" என்று நீளமாக எழுதுகிறது. மூன்று பேரையும் கூடவே அனுப்புகிறது. உங்கள் மாமா இந்தக் கடிதத்தைக் கட்டாயம் காட்டுவார், காட்டவும் வேண்டும். அப்போஸ்தலர்கள் பவுலும் பேதுருவும் பாடுபட்டதை இந்தக் கடிதம் நினைவுகூர்கிறது. தன் பேச்சைக் கேட்காவிட்டால் ஆபத்து என்றும் அழுத்திச் சொல்கிறது.

ஆனால் எழுதுவது யார்? "ரோமில் தங்கியிருக்கும் தேவ சபை, கொரிந்துவில் தங்கியிருக்கும் தேவ சபைக்கு" என்றுதான் தொடங்குகிறது. கடிதம் முழுக்க 'நாங்கள்'. கிளமெந்து என்ற பெயர் உள்ளே ஒரு இடத்திலும் வருவதில்லை. அந்தப் பெயரை ஒட்டவைப்பது பின்னால் வந்த மரபு. 170 வாக்கில் கொரிந்துவின் ஆயராக இருந்த தியோனிசியஸ், கிளமெந்து மூலமாக வந்த அந்தக் கடிதத்தை இன்னும் சபையில் வாசிக்கிறோம் என்று ரோமுக்கு எழுதினார். மனதைத் தொடும் வரி அது. திட்டி எழுதின கடிதத்தை எழுபது வருடம் பத்திரமாக வைத்து வாசித்திருக்கிறார்கள்! கிளமெந்து யார் என்பதற்கு ஒரு துப்பு, ரோமிலேயே எழுதப்பட்ட 'ஹெர்மாவின் மேய்ப்பர்' என்ற நூலில் கிடைக்கிறது. வெளியூர்களுக்கு எழுதி அனுப்புவது கிளமெந்தின் வேலை என்கிறது அது. அதே பகுதியில் சபைக்குத் தலைமை தாங்குகிறவர்கள் 'மூப்பர்கள்', பன்மையில். என் கணிப்பில் கிளமெந்து ஒரு மூப்பர், சபைக் கடிதப் போக்குவரத்து அவர் பொறுப்பு. அது சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நகரத்துக்குள் பல குழுக்கள் இருக்கும்போது, வெளியூருக்கு யார் எழுதுகிறாரோ அவர்தான் காலப்போக்கில் அந்த நகரத்தின் முகமாகிறார்.

இதே கடிதத்தின் 44-ஆம் அதிகாரம் இன்னொரு பெரிய விஷயத்தைச் சொல்கிறது. கண்காணிப் பொறுப்பின் பெயரைச் சொல்லிச் சண்டை வரும் என்று அப்போஸ்தலர்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால் ஆட்களை நியமித்தார்கள், பின்னால் வந்தவர்களைச் சபை முழுவதின் சம்மதத்தோடு மதிப்புக்குரிய ஆட்கள் நியமித்தார்கள், அப்படி வந்தவர்களை இறக்கக் கூடாது என்பது அதன் வாதம். வழிவழியாக வரும் பொறுப்பு என்ற எண்ணம் முதல் நூற்றாண்டு முடிவதற்குள் இருந்தது. சித்தப்பாவின் 'எல்லாம் கான்ஸ்டன்டைன்' இங்கேயே நொறுங்கிவிடுகிறது.

சரி, ஒற்றை ஆயர் எங்கே முதலில் தெரிகிறார்? சிரியாவின் அந்தியோக்கியா நகர ஆயர் இஞ்ஞாசியாரின் கடிதங்களில். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரபுப்படி டிராஜன் பேரரசர் காலத்தில், அவரைக் கைதுசெய்து ரோமுக்குக் கொண்டுபோகிறார்கள். வழியில் ஏழு கடிதங்கள் எழுதுகிறார். இன்றைய மேற்குத் துருக்கியில் உள்ள ஸ்மிர்னாவிலிருந்து நான்கு, துரோவாவிலிருந்து மூன்று. தன்னைக் காவல் காக்கும் வீரர்களைப் பத்துச் சிறுத்தைகள் என்கிறார், தான் மிருகங்களின் பல்லில் அரைபடப்போகும் தேவனுடைய கோதுமை என்கிறார். அவற்றை வாசித்துவிட்டு அமைதியாகத் தூங்க முடியாது. "ஆயர் எங்கே காணப்படுகிறாரோ அங்கே மக்கள் இருக்கட்டும், இயேசு கிறிஸ்து எங்கே இருக்கிறாரோ அங்கே கத்தோலிக்கத் திருச்சபை இருப்பதுபோல" என்று ஸ்மிர்னாவுக்கு எழுதுகிறார். 'கத்தோலிக்கத் திருச்சபை' என்ற தொடர் நமக்குக் கிடைக்கும் முதல் இடம் அது. ஊருக்கு ஒரு ஆயர், அவரைச் சுற்றி மூப்பர்கள், உதவிக்காரர்கள் என்ற மூன்று படிகளும் இங்கே தெளிவாக நிற்கின்றன.

இந்தக் கடிதங்களை நம்பலாமா என்று ஐரோப்பாவில் இருநூறு வருடத்துக்கு மேல் சண்டை நடந்தது. காரணம், இடைக்காலத்தில் இஞ்ஞாசியார் பெயரில் 13 கடிதங்கள் உலவின. அவற்றில் பிற்கால வாசனை தெரிந்தது. ஆயர்கள் வேண்டும் என்றவர்கள் அவற்றைத் தூக்கிப் பிடித்தார்கள், வேண்டாம் என்றவர்கள் எல்லாமே போலி என்றார்கள். அயர்லாந்தின் அர்மாக் பேராயர் ஜேம்ஸ் அஷர் ஒன்றைக் கவனித்தார். இங்கிலாந்தின் சில இடைக்கால எழுத்தாளர்கள் இஞ்ஞாசியாரை மேற்கோள் காட்டும் விதம், கையில் இருக்கும் நீண்ட வடிவத்தோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் பழைய திருச்சபைத் தந்தையர் காட்டும் மேற்கோள்களோடு அச்சாகப் பொருந்துகிறது. அப்படியானால் சுத்தமான ஒரு பிரதி இங்கிலாந்திலேயே எங்கோ கிடக்க வேண்டும் என்று முடிவுசெய்து தேடினார். லத்தீன் மொழிபெயர்ப்பு ஒன்று கிடைத்தது! 1644-இல் வெளியிட்டார். இரண்டே வருடத்தில் ஐசக் வோசியஸ், ஃபுளோரன்ஸில் இருந்த கிரேக்கப் பிரதியிலிருந்து அதே வடிவத்தை அச்சிட்டார். உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004-இல் என்று கணக்குப் போட்டவர் என்றுதான் அஷரை இன்று எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அவருடைய பெருமை இந்தக் கண்டுபிடிப்பில்தான் இருக்கிறது. அப்புறம் 1845-இல் சிரியாக் மொழியில் மூன்றே கடிதங்கள் கொண்ட சுருக்கமான வடிவம் வெளிவந்து, அதுதான் மூலம் என்று ஒரு கட்சி கிளம்பியது. ஆங்கிலேய அறிஞர் லைட்ஃபுட் 1885-இல் அந்த வாதத்தை முடித்துவைத்தார். ஏழு கடிதங்களை ஏற்பதே இன்று பெரும்பான்மைக் கருத்து. காலத்தைச் சில பத்தாண்டுகள் தள்ளிவைப்பவர்களும், போலி என்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள்.

இஞ்ஞாசியாரை வாசிக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, "ஆயரை மீறாதீர்கள்" என்று ஏன் இத்தனை முறை சொல்கிறார்? எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயத்தை யாரும் இப்படித் தொண்டை வறளச் சொல்வதில்லை. பிலதெல்பியாவில் சிலர், "பழைய ஆவணங்களில் இல்லாததை நான் நம்பமாட்டேன்" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். "எனக்கு ஆவணம் இயேசு கிறிஸ்துதான்" என்று பதில் சொல்கிறார். ஆயர் பெரிதா, எழுத்து பெரிதா என்ற வாதம் அப்போதே தொடங்கிவிட்டது. இரண்டாவது, ரோமுக்கு எழுதிய கடிதம். மற்ற ஆறிலும் ஆயர் வருகிறார், அவற்றில் ஒன்று ஸ்மிர்னாவின் ஆயர் பொலிகார்ப்புக்கே எழுதியது. ரோமுக்குப் போன கடிதத்தில் மட்டும் அந்த ஊர் ஆயரைப் பற்றி ஒரு சொல் இல்லை. "அன்பில் தலைமை ஏற்கும்" சபை என்று ரோமைப் புகழ்கிறார், "பேதுருவையும் பவுலையும் போல நான் உங்களுக்குக் கட்டளையிடவில்லை" என்கிறார். ஆனால் யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை, யாருக்கும் தனியாக வணக்கம் சொல்லவில்லை.

இந்த மௌனத்தை வைத்து மட்டும் எதையும் நிறுவ முடியாது. சொல்லாமல் விட்டதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் வேறு சான்றுகளும் அதே பக்கம் சாய்கின்றன. பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 16-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா வீட்டில் கூடும் சபை என்று ஒன்று, இன்னாரும் அவரோடிருக்கிறவர்களும் என்று வேறு சில குழுக்கள். பவுல் ஏறத்தாழ 57-இல் இதை எழுதும்போதே சபை அங்கே வேரூன்றியிருந்தது. நூறு வருடம் கழித்து அதே நகரத்தில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ ஆசிரியரைப் பிடித்து எங்கே கூடுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். ஒரு குளியல்கூடத்துக்கு மேலே குடியிருக்கிறேன், அங்கே கூடுவதைத் தவிர வேறு இடம் எனக்குத் தெரியாது என்கிறார். ரோம் அவ்வளவு பெரிய நகரம், சபைகள் வீடு வீடாகச் சிதறிக் கிடந்தன. ஜெர்மானிய அறிஞர் பீட்டர் லாம்பே கல்வெட்டு, கல்லறை, இலக்கியம் எல்லாவற்றையும் சேர்த்து ஆராய்ந்து, இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன் ரோமில் ஒற்றை ஆயர் இல்லை என்று 1980-களில் நிறுவினார். அவர் புரொட்டஸ்டன்ட் என்று மாமா தள்ளிவிட வேண்டாம். ரோமின் கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்த இயேசு சபைக் குரு ஃபிரான்சிஸ் சல்லிவனும், ஒற்றை ஆயர் முறை ரோமில் மெல்ல வளர்ந்துதான் வந்தது என்பதை ஏற்றுக்கொண்டு எழுதினார். வளர்ச்சி என்றால் தேவன் அதில் இல்லை என்று ஆகிவிடாது என்பது அவர் நிலை. அது விசுவாசம் சார்ந்த முடிவு. வரலாறு அதை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

பேதுரு ரோமில் இறந்தார் என்பதை நான் சந்தேகிக்கவில்லை. கிளமெந்தின் கடிதமும் இஞ்ஞாசியாரும் அதை உணர்த்துகின்றன. 200 வாக்கில் ரோமில் இருந்த காயுஸ் என்பவர், அந்நகரின் வத்திக்கானிலும் ஓஸ்தியா சாலையிலும் அப்போஸ்தலர்களின் நினைவுச் சின்னங்களைக் காட்ட முடியும் என்கிறார். வேறு எந்த ஊரும் பேதுருவின் கல்லறை எங்களிடம் என்று போட்டிக்கு வரவில்லை. ஆனால் அவர் அங்கே இறந்தது ஒரு செய்தி, அவர் அங்கே இன்றைய பொருளில் ஆயராக இருந்தார் என்பது வேறு செய்தி.

இந்த இரண்டையும் கட்டிப்போட்டது ஒரு பட்டியல். 180 வாக்கில், இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரத்தின் ஆயர் இரேனியூஸ், ரோம் ஆயர்களின் பெயர்களை வரிசையாகத் தருகிறார்: லீனுஸ், அனகிளேத்துஸ், கிளமெந்து என்று தொடங்கி எலியுத்தேருஸ் வரை பன்னிரண்டு பேர். பேதுருவும் பவுலும் சேர்ந்து சபையை நிறுவி லீனுஸிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள் என்கிறார். எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டில் பேதுரு இல்லை. லீனுஸ்தான் முதல் ஆள்.

பட்டியல் ஏன் வேண்டியிருந்தது? எதிரில், இரகசிய ஞானத்தால்தான் மீட்பு என்ற ஞானவாதக் குழுக்கள் இருந்தன. "எங்களுக்கு இரகசிய வழியில் போதனை வந்தது" என்றார்கள். அவர்களில் வாலன்டைன் என்ற ஆசிரியரின் ஆட்கள், பவுலின் சீடர் தெவுதாஸிடமிருந்து தங்கள் ஆசிரியர் கற்றார் என்றார்கள். பசிலிதேஸ் என்ற இன்னொரு ஆசிரியரின் ஆட்கள் பேதுருவின் மொழிபெயர்ப்பாளர் கிளாக்கியாஸைச் சொன்னார்கள். குரு சீட வழி என்ற வாதத்தை அவர்களும் கையில் எடுத்திருந்தார்கள். இரேனியூஸின் பதில்: இரகசியம் என்று ஒன்று இருந்தால், அப்போஸ்தலர்கள் அதைத் தாங்கள் சபைகளை ஒப்படைத்த ஆட்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லியிருப்பார்கள்? இதோ அந்த ஆட்கள், பகிரங்கமாக, பெயரோடு. நம் ஊரில் கோயில் மரியாதைக்கும் நிலத்துக்கும் வழக்கு வந்தால் பரம்பரைப் பட்டியல் வெளியே வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர்கள் கற்பனை என்று நான் சொல்லவில்லை, அவர்கள் ரோமின் முக்கியமான மூப்பர்களாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரே நேரத்தில் பலர் இருந்த இடத்தில் ஒருவர் பின் ஒருவராக அடுக்கியது பட்டியலின் வேலை.

அதே இடத்தில் ரோம் சபையின் "வலிமைமிக்க முதன்மை" பற்றி ஒரு வாக்கியம் வருகிறது. எல்லாச் சபைகளும் ரோமோடு 'ஒத்துப்போக வேண்டும்' என்று கத்தோலிக்கர் மொழிபெயர்த்தார்கள். எல்லாச் சபையினரும் அங்கே 'வந்து கூடுவது தவிர்க்க முடியாதது' என்று மற்றவர்கள் மொழிபெயர்த்தார்கள். கிரேக்க மூலம் தொலைந்துவிட்டது. லத்தீன் மட்டும்தான் இருக்கிறது, லத்தீன் சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தின் மேல் எந்தக் கட்டடமும் எழுப்ப வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

அதைவிட, இரேனியூஸ் நடைமுறையில் என்ன செய்தார் என்று பாருங்கள். 190-களில் ரோம் ஆயர் விக்டர், பாஸ்கா பண்டிகையை, அதாவது ஈஸ்டரை, எந்த நாளில் கொண்டாடுவது என்று ஆசியாச் சபைகளோடு மோதுகிறார். ஆசியா என்றால் இன்றைய மேற்குத் துருக்கி. யூதர்களின் நிசான் மாதம் 14-ஆம் தேதி எந்தக் கிழமையில் வந்தாலும் அன்றைக்கே அவர்கள் கொண்டாடினார்கள், மற்றவர்கள் ஞாயிறுதான் என்றார்கள். விக்டர் கேட்டதன்பேரில் எபேசு ஆயர் பொலிகிராத்தஸ் சுற்றுவட்டார ஆயர்களைக் கூட்டிவிட்டுப் பதில் எழுதினார். பெரிய ஒளிகள் ஆசியாவில் துயில்கின்றன என்று தொடங்கி, எராப்போலியில் பிலிப்புவும் அவர் குமாரத்திகளும், எபேசுவில் யோவான், ஸ்மிர்னாவில் பொலிகார்ப் என்று வரிசையாகக் கல்லறைகளைச் சுட்டுகிறார். என் உறவினர் ஏழு பேர் ஆயர்கள், நான் எட்டாவது ஆள், கர்த்தருக்குள் 65 வருடம் வாழ்ந்தவன், மிரட்டலுக்கு அஞ்சமாட்டேன், மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப் பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று முடிக்கிறார். உங்களிடம் இரண்டு கல்லறை என்றால் எங்களிடமும் இருக்கிறது என்பதுதான் உள்ளுறை.

விக்டர் ஆசியா முழுவதையும் ஐக்கியத்திலிருந்து வெட்ட முயல்கிறார். அப்படி முயல ஒருவருக்குத் துணிவு வந்தது என்பதே ரோமின் எடை கூடியதற்குச் சான்று, மாமா இதைச் சொன்னால் அது நியாயம். ஆனால் மற்ற ஆயர்கள் அவரைக் கடிந்து எழுதினார்கள், அவரோடு பாஸ்கா நாளில் ஒத்துப்போனவர்களும் சேர்த்துத்தான். இரேனியூஸ் எழுதிய கடிதம் என் மனதுக்கு மிக நெருக்கமானது. முன்னொரு காலம் முதிய பொலிகார்ப் ரோமுக்கு வந்தபோது அப்போதைய ரோம் ஆயர் அனிசேத்துஸோடு இதே விஷயம் பேசினார், இருவரும் ஒருவரை ஒருவர் மாற்ற முடியவில்லை, ஆனாலும் அனிசேத்துஸ் தன் சபையில் நற்கருணையை நடத்தும் இடத்தை மரியாதையாகப் பொலிகார்ப்புக்கு விட்டுக்கொடுத்தார், சமாதானமாகப் பிரிந்தார்கள் என்று நினைவூட்டுகிறார். நோன்பில் உள்ள வேற்றுமை விசுவாசத்தின் ஒற்றுமையை உறுதிப்படுத்துகிறது என்கிறார். ரோமின் பட்டியலை எழுதிய அதே கைதான் ரோமின் ஆயருக்குப் புத்தி சொல்கிறது. பழைய ரோம் தலைவர்களை இந்தக் கடிதத்தில் "சபைக்குத் தலைமை தாங்கிய மூப்பர்கள்" என்று குறிப்பிடுவதையும் கவனியுங்கள்.

அடுத்து சிப்ரியான். இவரிடம் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். 248 அல்லது 249-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தின் ஆயரானார். அடுத்த வருடம் தேசியஸ் பேரரசர், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். எகிப்தின் மணலில் அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்களில் ஏராளமானவர்கள் பலியிட்டார்கள், அல்லது காசு கொடுத்துச் சீட்டு வாங்கினார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். ரோம் ஆயர் ஃபேபியன் 250 ஜனவரியில் இறந்தார், ஒரு வருடத்துக்கு மேல் அந்த இடம் காலியாகவே இருந்தது. சிப்ரியான் தலைமறைவாகி, மறைவிலிருந்து கடிதம் எழுதியே சபையை நடத்தினார்.

இப்படிப் பலியிட்டோ சீட்டு வாங்கியோ வீழ்ந்தவர்கள் திரும்பி வர விரும்பியபோது யாரிடம் போனார்கள் தெரியுமா? சிறையில் இருந்தவர்களிடம். கிறிஸ்துவுக்காகப் பாடுபட்டவருக்கு மன்னிக்கும் வல்லமை உண்டு என்பது அக்காலத்து மக்களின் ஆழ்ந்த நம்பிக்கை. சிறையிலிருந்தவர்கள் சமாதானச் சீட்டு எழுதித் தந்தார்கள். ஆளுக்கொரு சீட்டாகத் தொடங்கியது, "இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும்" என்று விரிந்து, கடைசியில் எல்லோருக்கும் சமாதானம் கொடுத்துவிட்டோம் என்று சிப்ரியானுக்கே அறிவிப்பு வந்தது. பாடுபட்டவரின் அதிகாரமும் பதவியில் இருப்பவரின் அதிகாரமும் நேருக்கு நேர் முட்டிய இடம் இது. சபையில் எல்லோரும் வெறும் சகோதரர்கள், அதிகாரப் பேச்சே இல்லை என்று சித்தப்பா நினைக்கும் காலத்தில் இரண்டு வகை அதிகாரம் மோதிக்கொண்டிருந்தது! இறுதியில் ஆயர்கள் கூடி, தகுதி பார்த்து, தவமுறை வகுத்து ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. ஆயரின் கை ஓங்கியதற்கு இந்த நெருக்கடியே பெரிய காரணம்.

ரோமில் 251-இல் கொர்னேலியு ஆயரானார், நொவாசியன் போட்டி ஆயராக எழுந்தார். யாரை ஏற்பது என்று கார்த்தேஜ் விசாரித்துத்தான் கொர்னேலியுவை ஏற்றது. கொர்னேலியு அந்தியோக்கியாவுக்கு எழுதிய கடிதத்தில் ரோம் சபையின் கணக்கு இருக்கிறது: மூப்பர்கள் 46, உதவிக்காரர்கள் 7, ஆதரவு பெறும் விதவைகளும் ஏழைகளும் 1,500-க்கு மேல். வீட்டுச் சபையாகத் தொடங்கியது இவ்வளவு பெரிதாகிவிட்டது. இது கான்ஸ்டன்டைனுக்கு அறுபது வருடம் முன்பு.

பிறகு ஸ்தேவான் ரோம் ஆயரானார். நொவாசியனுடையதுபோலப் பிரிந்துபோன குழுக்களில் ஞானஸ்நானம் பெற்றவர் திரும்பி வந்தால் மறுபடி கொடுக்க வேண்டுமா? வேண்டாம், கை வைத்தால் போதும் என்றார் ஸ்தேவான். திருச்சபைக்கு வெளியே ஞானஸ்நானமே கிடையாது என்றார் சிப்ரியான். 256 செப்டம்பர் 1-ஆம் தேதி 87 ஆயர்களைக் கார்த்தேஜில் கூட்டி, "நம்மில் யாரும் தன்னை ஆயர்களுக்கு ஆயர் என்று நிறுத்திக்கொள்வதில்லை" என்று சொல்லித் தொடங்கினார். யாரைக் குறிக்கிறார் என்று கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். கப்பதோக்கியாவின் செசரியா ஆயர் பிர்மிலியன் இன்னும் சூடாக எழுதினார். பேதுருவின் வாரிசு நான் என்று ஸ்தேவான் பெருமை பேசுகிறார், மற்றவர்களை வெட்டுவதாக நினைத்துத் தன்னையே வெட்டிக்கொண்டார் என்கிறார். "இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்" என்ற வசனத்தை வைத்து ஒரு ரோம் ஆயர் தன் அதிகாரத்தைக் கோரியதற்கு நம்மிடம் உள்ள தெளிவான முதல் சாட்சி இந்தக் கடிதம். அதுவும் எதிராளி வாயால் வந்த சாட்சி. ஸ்தேவான் கோரினார் என்பது உண்மை. மற்றவர்கள் அதை ஏற்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

சிப்ரியானின் திருச்சபை ஒற்றுமை பற்றிய நூலின் 4-ஆம் அதிகாரம் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்றில் பேதுருவுக்கு முதன்மை கொடுக்கப்பட்டது, பேதுருவின் இருக்கையை விட்டவன் சபையில் இருக்கிறேன் என்று நம்பலாமா என்ற வரிகள் உண்டு. மற்றதில் அவை இல்லை. ரோமின் ஆட்கள் இடைச்செருகல் செய்தார்கள் என்று புரொட்டஸ்டன்ட் அறிஞர்கள் நீண்ட காலம் சொன்னார்கள். இருபதாம் நூற்றாண்டில் கையெழுத்துப் பிரதிகளை அக்குவேறு ஆணிவேறாக ஒப்பிட்ட மாரிஸ் பெவெனோ, இரண்டுமே சிப்ரியான் எழுதியவைதான் என்று காட்டினார். அவருக்குப் பேதுருவின் இருக்கை என்பது ஒவ்வொரு ஆயரின் இருக்கையும்தான். ரோம் தன் வரிகளை வேறு பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடும் என்று கண்டதும் திருத்தி எழுதினார் என்ற விளக்கம்தான் எனக்கும் மிகப் பொருத்தமாகப் படுகிறது. இன்னொன்றும் மாமாவிடம் சொல்லுங்கள். ரோம் குருக்கள் கார்த்தேஜுக்கு எழுதும்போது சிப்ரியானைத்தான் 'பாப்பா' என்று அழைக்கிறார்கள். நம் 'பாப்பரசர்' அந்தச் சொல்லிலிருந்து வந்தது. அன்று அது ஆயர்களுக்குப் பொதுவான, 'அப்பா' என்பதுபோன்ற அன்புப் பெயர். 258 செப்டம்பர் 14-இல் சிப்ரியான் தலை வெட்டப்பட்டு இறந்தார். ஞானஸ்நான விஷயத்தில் பின்னாளில் நிலைத்தது ரோமின் வழக்கம்தான். ஆனால் ரோம் திருப்பலியின் பழைய நற்கருணை மன்றாட்டில் கொர்னேலியு பெயருக்கு அடுத்ததாகச் சிப்ரியான் பெயரை இன்றும் சொல்கிறார்கள்.

சித்தப்பாவுக்காக ஒன்று வைத்திருக்கிறேன். 268-இல் அந்தியோக்கியாவின் ஆயர், சமோசத்தா பவுல், தவறான போதனைக்காக நீக்கப்பட்டார். சபைக் கட்டடத்தை விட்டு வெளியேற மறுத்தார். 272-இல் அந்த நகரம் பேரரசர் ஒரேலியன் கைக்குத் திரும்பியது. சபையார் அவரிடம் முறையிட்டார்கள். அவர் கிறிஸ்தவர் இல்லை, கோட்பாடு எதுவும் அவருக்குத் தேவைப்படவும் இல்லை. இத்தாலியிலும் ரோம் நகரத்திலும் உள்ள ஆயர்கள் யாருக்குக் கடிதம் எழுதுகிறார்களோ அவருக்கே கட்டடம் என்று தீர்ப்புச் சொன்னார். வெளியே இருந்து பார்த்த ஒருவருக்குக்கூட, இந்த மக்கள் யாரைத் தங்கள் ஆள் என்று ஏற்கிறார்கள் என்பதை அறிய கடிதப் போக்குவரத்தே அளவுகோலாகத் தெரிந்திருக்கிறது. கான்ஸ்டன்டைன் அப்போது குழந்தையாக இருந்தால் அதிகம்.

கான்ஸ்டன்டைன் காலம் ஒன்றும் மாற்றவில்லை என்று நான் சொல்லவரவில்லை. குருக்களுக்குக் கட்டாய அரசுப் பணிகளிலிருந்து விலக்கு வந்தது, ஆயர்கள் வழக்குத் தீர்க்கலாம் என்றானது, கூட்டங்களைப் பேரரசரே கூட்டினார். ஆனால் 325 நிக்கேயா சங்கத்துக்கு ரோம் ஆயர் சில்வெஸ்டர் போகவில்லை, இரண்டு மூப்பர்களை அனுப்பினார். அந்தச் சங்கத்தின் 6-ஆம் விதி, எகிப்தும் லிபியாவும் அலெக்சாந்திரியா ஆயரின் கீழ் இருக்கட்டும், ரோம் ஆயருக்கும் இதுபோன்ற வழக்கம் இருக்கிறதல்லவா என்கிறது, அந்தியோக்கியாவையும் கூடவே சேர்க்கிறது. "பழைய வழக்கங்கள் நிலைக்கட்டும்" என்பது அதன் தொடக்கம். ஆயர் முறையை நிக்கேயா உண்டாக்கவில்லை, வட்டார அதிகாரம் பெற்ற பல பெரிய ஆயர்களில் ஒருவராகவே ரோமையும் கண்டது. ரோமிடம் மேல்முறையீடு என்பது 343-இல் சார்திக்கா நகரத்தில் கூடிய ஆயர் சங்கத்தில் எழுத்தில் வருகிறது. அதற்குப் பிந்தைய கதையை இன்னொரு நாள் பேசலாம்.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். நான்காம் நூற்றாண்டு ஆயர் யூசேபியஸ் எழுதிய திருச்சபை வரலாறு, ஐந்தாம் புத்தகம், 23-இலிருந்து 25 வரை மூன்று அதிகாரங்கள். விக்டர், பொலிகிராத்தஸ், இரேனியூஸ் மூவரும் அங்கேயே இருக்கிறார்கள், அரை மணி நேரம் போதும். அடுத்த கிறிஸ்துமஸுக்கு மாமாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில் உட்காரும்போது, அந்த மூன்று அதிகாரங்களையும் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு, முதியவர் பொலிகார்ப்புக்கு அனிசேத்துஸ் ஏன் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார் என்று இருவரிடமும் கேளுங்கள்.